மியூஸ்ஸ்கோரில் ஷெங்கர் வரைபடம்: மினிம் தலைகளைப் பீமால் இணைக்கும் வழி

மதுரை தல்லாகுளத்தில் நான் எடுக்கும் கீபோர்டு வகுப்பில் தியரி படிக்கும் மாணவர்களுக்காக, ஷெங்கர் வரைபடம் ஒன்றைக் கணினியில், இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் வரைய உட்கார்ந்து, இரண்டு இரவுகள் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். ஹைன்ரிக் ஷெங்கர் (1868–1935) வகுத்த இந்த முறையில், நோட்டின் வடிவம் அது எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்பதைச் சொல்வதில்லை; இசையின் கட்டமைப்பில் அதற்குள்ள முக்கியத்துவத்தைச் சொல்கிறது. மென்பொருளோ எல்லா வடிவத்தையும் கால அளவாகவே எடுத்துக்கொள்ளும்.

வரைவதற்குப் பதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் லில்லிபாண்ட் மென்பொருளில் இதைவிட நேர்த்தியாக வரும் என்றாலும், வரைவதை உடனுக்குடன் கண்ணால் பார்க்க முடிவதால், தொடங்குபவர்களுக்கு இலவசமான மியூஸ்ஸ்கோர் 4-ஐயே பரிந்துரைப்பேன். இதே வகை மென்பொருளான பினாலேயின் மேம்பாடு 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டுவிட்டதால், அதைப் புதிதாகக் கற்க வேண்டாம்.

எடுத்துக்காட்டாக, பாக் எழுதியதென்று நெடுங்காலம் கருதப்பட்ட, பெட்ஸோல்டின் ஜி மேஜர் மினுயெட்டை எடுத்துக்கொள்வோம். முதல் எட்டு பார்களின் (தாளக் கட்டங்களின்) மெட்டில் டி (1-ஆம் பார்), சி (5), பி (6), ஏ (8) ஆகியவை ஜி மேஜர் ஸ்கேலின் 5-4-3-2-ஆம் சுரங்களாகப் படிப்படியாக இறங்குகின்றன. ஈ (3), ஜி (4), எஃப் ஷார்ப் (7) ஆகியவை இடையில் வருபவை.

ஒரு பாரின் மெஷர் ப்ராப்பர்ட்டீஸில் உண்மை அளவை 7/8 ஆக்குங்கள். முதல் வாய்ஸில் (ஒரே வரியில் தனித்தனியாக எழுத உதவும் அடுக்குகளில் முதலாவதில்) டி, ரெஸ்ட் (மௌனக் குறி), ரெஸ்ட், சி, பி, ரெஸ்ட், ஏ என்று எல்லாவற்றையும் குவேவராகவே (தண்டில் ஒரு கொடியுள்ள, 1/8 அளவு) எழுதுங்கள். இரண்டாம் வாய்ஸில் ஈ, ஜி, எஃப் ஷார்ப் ஆகியவற்றை அவற்றின் இடங்களில் குவேவராக எழுதி, ப்ராப்பர்ட்டீஸில் 'ஸ்டெம்லெஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தண்டோடு கொடியும் போய்விடும்.

நான் சிக்கியது அடுத்த படியில். முக்கிய நோட்டுகள் வெள்ளைத் தலையோடு இருக்க வேண்டும் என்பதால் அவற்றை மினிமாக (வெள்ளைத் தலையுள்ள, 1/2 அளவு நோட்டாக) எழுதியிருந்தேன். மினிமுக்குப் பீம் (தண்டுகளை இணைக்கும் தடித்த கோடு) கிடையாது என்பதால் எந்தப் பட்டனை அழுத்தியும் அவை இணையவில்லை. குவேவராகவே வைத்து, முதல் வாய்ஸின் நோட்டுகளையும் இடையிலுள்ள ரெஸ்ட்டுகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துப் பீமால் இணைத்த பிறகு, நோட்டுகளின் ஹெட் பகுதியில் 'ஓவர்ரைடு விஷுவல் டியூரேஷன்' என்பதை மினிம் வடிவத்துக்கு மாற்றினால், பீமும் வெள்ளைத் தலையும் ஒன்றாக வரும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ரெஸ்ட்டுகளையும் டைம் சிக்னேச்சரையும் வி விசையால் மறைத்துவிடுங்கள். எஸ் விசையால் ஸ்லரும் (நோட்டுகளை இணைக்கும் வளைகோடும்), கண்ட்ரோல்-டி மூலம் நோட்டுகளுக்கு மேலே எண்களும் இடலாம்.

பின்சேர்க்கை: மறைத்த ரெஸ்ட்டுகள் சாம்பல் நிறத்தில் தெரிகின்றனவே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவை திரையில் மட்டுமே தெரியும், அச்சில் வராது. சிம்மக்கல் ஜெராக்ஸ் கடையில் மியூஸ்ஸ்கோர் இருக்காது என்பதால், பிடிஎஃப் ஆக்கியே பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள்.