ஒன்பது பேர் வீட்டில் துணி மலையாகக் குவியாமல் இருக்க

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். மாமனார், மாமியார், என் கணவரின் அண்ணன், அவர் மனைவி (ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்), அவர்களுடைய இரண்டு பையன்கள், நான், என் கணவர், யூகேஜி படிக்கிற என் மகள். தாம்பரம் பக்கம் சொந்த வீடு, போர் தண்ணீர், மேலே மொட்டை மாடி. நான் கல்யாணமாகி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைக்கிற நாள். காலை 6 மணிக்கு மிஷினைப் போட்டால் சாயங்காலம் வரை ஓடும். அப்படியும் திங்கட்கிழமை காலையில் யாராவது ஒரு பையனுடைய யூனிஃபார்ம் ஈரமாக இருக்கும், அதை இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துத் தேய்த்து உலர்த்தி, பஸ் வருவதற்குள் மாட்டி அனுப்ப வேண்டும்.

மிஷின் சின்னது, அதனால்தான் என்று நினைத்துப் பெரியதாக ஒன்று வாங்கினோம். ஒன்றும் மாறவில்லை. துணி இன்னும் வேகமாகத் துவைந்து வந்தது, ஆனால் போட இடமில்லாமல் பக்கெட்டிலேயே கிடந்தது. அப்போதுதான் விஷயம் புரிந்தது: பெரிய குடும்பத்தில் வேலை சிக்கிக்கொள்கிற இடம் மிஷின் கிடையாது, கொடி. கொடியில் எவ்வளவு துணி பரத்திப் போட முடியுமோ அவ்வளவுதான் ஒரு நாளைக்குத் துவைக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகவே வரிசைக்கு வரும்.

உங்கள் கொடியை ஒருமுறை அளந்து பாருங்கள். எங்கள் மாடியில் நான்கு கொடி, ஒவ்வொன்றும் 15 அடி, ஆக 60 அடி. ஒரு சட்டைக்கு 2 அடி வேண்டும். புடவை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி, நாலாக மடித்துப் போட்டால்கூட நாலரை அடி பிடிக்கும், அப்படி மடித்தால் உள்மடிப்பு காய நேரமும் ஆகும். டபுள் பெட்ஷீட் ஒன்று 7, 8 அடியைத் தின்றுவிடும். இப்படிக் கணக்குப் பார்த்தால் சின்னதும் பெரிதுமாக 25 உருப்படி போட்டாலே கொடி நிறைந்துவிடுகிறது, அது மிஷினில் ஒரு தடவை போடுகிற துணி. ஞாயிற்றுக்கிழமை ஐந்து தடவை போட்டால் மிச்ச நாலு தடவை துணியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து, காயாமல், வாடை பிடித்து, புதன்கிழமை மறுபடி துவைக்க வரும். நாங்கள் பாதித் துணியை இரண்டு முறை துவைத்துக்கொண்டிருந்தோம்.

அதனால் இப்போது தினமும் ஒரே ஒரு தடவைதான், ஒருநாளும் விடுவதில்லை. காலை 5 மணிக்கு யார் முதலில் எழுகிறார்களோ அவர்கள் ஊறப்போட வேண்டும், 7 மணிக்குள் கொடியில் இருக்க வேண்டும், நாலு மணிக்கு மாமியார் எடுத்துவிடுவார். பெட்ஷீட்டை எல்லா அறைக்கும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு அறை என்று வைத்துக்கொண்டால் அன்றைக்கு மற்றத் துணியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சமாளிக்கலாம். திரைச்சீலை, கால்மிதி, சோபா உறை இதெல்லாம் யாராவது ஊருக்குப் போயிருக்கிற நாளில்.

அடுத்தது, துவைக்க வருகிற துணியைக் குறைப்பது. இதில் எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது துண்டுதான். முன்பு ஆளுக்கொரு தடிமனான டர்க்கி டவல் வைத்திருந்தோம். ஒவ்வொன்றும் காய ஒரு நாள் எடுக்கும், ஒன்பது டவலை ஒன்றாகப் போட்டால் மிஷினில் வேறு எதற்கும் இடம் இருக்காது. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு ஈரிழைத் துண்டுக்கு மாறினோம். மெல்லிசு, தண்ணீரை நன்றாக உறிஞ்சும், நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், தலை துவட்டுவதற்கும் அதுதான் சுகம். பெரிய குடும்பத்தில் இருக்கிற எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான், மிஷினை மாற்றும் முன் துண்டை மாற்றுங்கள்.

ஜீன்ஸை ஒவ்வொரு முறை போட்டதும் துவைக்க வேண்டாம், நாலைந்து முறை போடலாம். ஒரு மணி நேரம் கோயிலுக்குக் கட்டிப்போன புடவையைக் காற்றாடப் போட்டு மடித்து வைத்தால் போதும். ஒருமுறை போட்டது, ஆனால் இன்னும் போடலாம் என்கிற துணிக்கு ஒவ்வொரு அறையிலும் கதவுக்குப் பின்னால் ஆணி வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தத் துணி நாற்காலிக்கு வரும், நாற்காலியிலிருந்து அழுக்குக் கூடைக்குப் போகும். பையன்கள் பள்ளியிலிருந்து வந்ததும் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும் என்று அக்கா ஒரு சட்டம் போட்டார். அதிலேயே குழம்புக் கறை பாதி குறைந்துவிட்டது.

ஈரத் துணியை மட்டும் ஒருபோதும் அழுக்குக் கூடையில் போட விடாதீர்கள். குளித்த துண்டு, வியர்வையில் நனைந்த பனியன், மழையில் நனைந்த சாக்ஸ் எல்லாம் முதலில் கம்பியில் விரித்துப் போட்டுக் காய்ந்த பிறகுதான் கூடைக்குப் போக வேண்டும். ஒரு ஈரத் துண்டு போதும், கூடை முழுக்க முடைநாற்றம் அடிக்க. வெள்ளைத் துணியில் கரும்புள்ளி பூப்பதும் இப்படித்தான், அது ஒருமுறை பூத்துவிட்டால் லேசில் போகாது.

மிஷின் பற்றி. நாங்கள் வைத்திருப்பது இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக். முழு ஆட்டோமேட்டிக் வாங்கச் சொல்லிக் கடையில் வற்புறுத்தினார்கள், நல்லதுதான், ஆனால் தண்ணீரைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிற வீட்டுக்கு எனக்கு இன்னும் செமிதான் பிடித்திருக்கிறது. ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை, பிறகு சாயம் போகாத கலர், கடைசியில் கால்மிதியும் கரித்துணியும் என்று மூன்று சுற்று எடுத்துவிடலாம். அலசின தண்ணீரை வாசல் கழுவ, பாத்ரூம் கழுவப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். நடுவில் கரண்ட் போனாலும் மூடியைத் திறந்து கையால் அலசி முடிக்கலாம். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: தொட்டியை அமுக்கி நிரப்பாதீர்கள், மேலே ஒரு சாண் இடம் விடுங்கள், துணி புரள இடமில்லாவிட்டால் அழுக்கு போகாது. மிஷினில் எழுதியிருக்கிற கிலோ காய்ந்த துணியின் எடை.

போர் தண்ணீர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீரில் நுரை வராது, அதனால் நாம் பவுடரை அள்ளி அள்ளிப் போடுவோம், அது சரியாக அலசாமல் துணியில் தங்கி, வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகவும் துண்டு அட்டை மாதிரி விறைப்பாகவும் ஆகிவிடும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகப் படிவதால்தான் இப்படி ஆகிறது. பவுடரைக் கூட்டுவதற்குப் பதில் ஒரு பெரிய ஸ்பூன் சலவைச் சோடா சேருங்கள், தண்ணீர் கொஞ்சம் மென்மையாகி அதே பவுடர் நன்றாக வேலை செய்யும். பட்டுக்கும் கம்பளிக்கும் சலவைச் சோடா கூடவே கூடாது. வெள்ளை வேட்டிக்கும் யூனிஃபார்ம் சட்டைக்கும் கடைசி அலசலில் சொட்டு நீலம் போடுங்கள், நாலைந்து சொட்டை முதலில் ஒரு மக் தண்ணீரில் கலக்கி, பிறகு பக்கெட்டில் ஊற்றி, அதற்கப்புறம் துணியை முக்க வேண்டும். நேராகத் துணிமேல் விட்டால் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் அதை ஆசிடோடோ வினிகரோடோ எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள், விஷ வாயு வரும்.

கறையை அன்றன்றைக்கே பார்த்துவிட வேண்டும். மஞ்சள் கறையில் சோப்பு போட்டதும் ரத்தச் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம், மஞ்சளில் காரம் பட்டால் அப்படித்தான் ஆகும், அலசிவிட்டு நல்ல வெயிலில் போடுங்கள், இரண்டு நாள் வெயிலில் தானாகவே வெளுத்துவிடும். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான், வெந்நீர் பட்டால் அது உறைந்து நிரந்தரமாகிவிடும். எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் கழுவுகிற லிக்விட் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்து மற்றதோடு போடலாம். பேனா மைக்குக் கீழே ஒரு பழந்துணியை வைத்துக்கொண்டு மேலே சானிடைசரால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். சட்டைக் காலருக்குச் சோப்புக் கட்டியும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் போதும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் பயன்படுத்தும் துண்டு எங்கள் வீட்டில் தனி, அதை வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைத்துத் துவைப்போம், மற்றதோடு சேர்த்தால் எல்லாத் துணியிலும் எண்ணெய்ச் சிக்கு வாடை ஏறும். வாழைக்கறைக்கு நான் பார்த்தவரை வழியே இல்லை, வாழைத்தார் வெட்டுகிறவர் பழைய சட்டை போட்டுக்கொள்ளட்டும்.

புதுச் சுங்குடிப் புடவை, அடர் நிறக் குர்தா இதையெல்லாம் முதல் இரண்டு மூன்று தடவை கையால் தனியாக அலசுங்கள். என் மகளின் சிவப்பு பாவாடை ஒன்று என் மாமனாரின் நாலு வேட்டியை ரோஸ் ஆக்கியது, அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இனி, யாருடையது எது என்கிற சண்டை. ஒரே அளவு பனியன், ஒரே நிற சாக்ஸ், இரண்டு பையன்களுக்கும் ஒரே பள்ளி யூனிஃபார்ம். முன்பெல்லாம் சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் குறி போடுவார்கள், எத்தனை வெளுப்புக்கும் அழியாது, அதை வைத்தே ஊர்த் துணியைப் பிரித்துவிடுவார்கள். சேங்கொட்டை கையில் பட்டால் கொப்புளிக்கும், அது நமக்கு வேண்டாம். நாங்கள் கலர் நூல் வைத்திருக்கிறோம். பெரிய பையனுக்குப் பச்சை, சின்னவனுக்கு ஆரஞ்சு, மாமனாருக்கு நீலம் என்று ஆளுக்கொரு நிறம், காலரின் உள்பக்கம் அல்லது இடுப்புப் பட்டையில் நாலு தையல். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து செய்து முடித்தோம். இப்போது என் மகள்கூட நிறத்தைப் பார்த்துத் துணி பிரிக்கிறாள்.

கொடியில் போடுவதிலும் கவனம் வேண்டும். சட்டையை ஓங்கி உதறி, ஹேங்கரில் மாட்டி, அந்த ஹேங்கரைக் கொடியில் கிளிப் போட்டு நிறுத்திவிட்டால் இடமும் மிச்சம், பாதிச் சட்டைக்கு இஸ்திரியே தேவைப்படாது. நிறத் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். ஜீன்ஸ் பாக்கெட்டை வெளியே இழுத்துவிடுங்கள், கடைசியில் காய்வது அதுதான். மாமியார் பூஜைக்குக் கட்டுகிற புடவைக்கு மாடி ஓரத்தில் தனிக் கொடி கட்டிவிட்டோம், அதில் வேறு எதுவும் போடுவதில்லை, அவருக்கும் நிம்மதி.

எடுத்த துணியை மடிக்காமல் கட்டில்மேல் கொட்டினால் அன்றைய உழைப்பு முழுக்க வீண். கசங்கின துணியில் நல்லதும் அழுக்கும் கலந்து, துவைத்ததே திரும்பக் கூடைக்கு வரும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கூடை வாங்கி நூல் நிறத்துக்கே ஒரு ரிப்பன் கட்டியிருக்கிறோம். மாமியார் எடுக்கும்போதே அவரவர் கூடையில் போட்டுவிடுவார், ராத்திரி டிவி பார்க்கிற நேரத்தில் அவரவர் துணியை அவரவர் மடிக்க வேண்டும். அவரவர் என்றால் ஆண்களும்தான். இதை முதலில் பேசியபோது வீட்டில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். என் கணவரின் அண்ணன்தான் முதலில் தன் கூடையை இழுத்துவைத்து மடிக்க ஆரம்பித்தார், அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒன்பது பேர் துணியை இரண்டு பெண்கள் மட்டும் மடிக்க வேண்டும் என்றிருக்கிற வீட்டில் எந்த யோசனையும் ஒரு மாதத்துக்குமேல் நிற்காது, இதை நான் உறுதியாகச் சொல்வேன். தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போகிற துணியை மட்டும் எண்ணி ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள், திரும்ப வரும்போது எண்ணி வாங்குங்கள்.

அப்புறம் மழை. சென்னைப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மாடிக் கொடியை நம்ப முடியாது. அந்த மூன்று மாதமும் யூனிஃபார்ம், உள்ளாடை, துண்டு இது மட்டும்தான் தினமும் துவைப்போம், மற்றதெல்லாம் காய்ந்த அழுக்காகவே காத்திருக்கட்டும், ஈரமான சுத்தத்தைவிட அது எவ்வளவோ மேல். ஸ்பின்னரில் இரண்டாவது முறை சுற்றினால் காய்கிற நேரம் நன்றாகவே குறையும். ஹாலில் ஃபேனுக்குக் கீழே நைலான் கயிறு கட்டி, துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விட்டு, ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள், மூடின அறையில் ஈரம் வெளியேற வழியிருக்காது. பையன்களுக்கு யூனிஃபார்ம் ஒரு செட் அதிகமாகவே செப்டம்பரில் எடுத்துவிடுங்கள். நடுவில் ஒரு நாள் பளிச்சென்று வெயில் அடித்தால் மற்ற வேலையை விட்டுவிட்டுப் பெட்ஷீட்டை ஊறப்போடுங்கள், அக்காவும் நானும் அந்த நாளில் சமையலைக்கூட ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொள்வோம்.