கரும்புப் பள்ளத்தாக்க ஹெரிட்டேஜ் ஏரியாவா அறிவிக்க வைக்கிறது எப்படி

தென்னாப்பிரிக்காவுல குவாசுலு-நேட்டால் மாகாணத்துல பழைய கரும்பு எஸ்டேட் பக்கம் இருக்கவங்க கேக்குறாங்க, கோயில், பாரக்ஸ் (எஸ்டேட் கூலிக்காரங்க தங்குன லைன் வீடுங்க), சுடுகாடு எல்லாத்தயும் சேத்து பள்ளத்தாக்கயே காப்பாத்த வழி இருக்கான்னு. இருக்கு. 1999-ம் வருஷத்து நேஷனல் ஹெரிட்டேஜ் ரிசோர்சஸ் ஆக்ட்ட (பாரம்பரிய எடங்கள காக்குற சட்டம்) பிரிண்ட் எடுத்து 27, 31 ரெண்டு செக்‌ஷனயும் மொதல்ல படிங்க.

ஒரு கோயில், ஒரு வீடுன்னா 27 போதும், யாரு வேணா நாமினேட் பண்ணலாம். ஊரு முழுக்கன்னா 31 தான் நம்ம ரூட்டு, அதுல முனிசிபாலிட்டியே மாகாண கஸெட்ல அறிவிக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி அமாஃபா (மாகாணத்தோட ஹெரிட்டேஜ் அமைப்பு), நிலத்துக்காரங்க, அங்க வாழுற சனங்க எல்லாரையும் கலந்து பேசியாகணும். முனிசிபாலிட்டி அதோட பிளானிங் ஸ்கீம (நில உபயோகத் திட்டம்) திருத்துற சமயமா பாத்து போங்க, அப்போ இத விசாரிக்கறது சட்டப்படி அவங்க வேல.

இப்ப ஆதாரம். 1860 நவம்பர் 16, இந்தியாவுலேருந்து ஒப்பந்தக் கூலிங்கள மொதல்ல கொண்டாந்த ட்ரூரோ கப்பல்னு ஆரம்பிக்காத மனுவே கெடையாது, அது மட்டும் போதாது, இந்த பள்ளத்தாக்குல என்ன நிக்குதுன்னு காட்டணும். கப்பல் லிஸ்ட்ல தாத்தாவோட காலனி நம்பர (ஒவ்வொரு கூலிக்கும் குடுத்த பதிவு நம்பர்) தேடி எந்த எஸ்டேட்டுக்கு அனுப்புனாங்கன்னு பாருங்க, பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல சர்வேயர் ஜெனரல் ஆபீஸ்ல பழைய மேப் கேளுங்க. அப்புறம் நடங்க. நாங்க ஒரு சனிக்கெழம எம்பது வயசு ஆயா கைய புடிச்சிக்கிட்டு கரும்புக்குள்ள போனோம், இங்கதான்டா கெணறுன்னு குச்சியால தட்டுனாங்க, மண்ண ஒதுக்குனா செங்கல் வட்டம் அப்படியே இருக்கு! உடனே போட்டோ, ஜிபிஎஸ், ஆயா சொன்னத ரெக்கார்டிங். ஒவ்வொரு கட்டடத்துக்கும் வயசு எழுதுங்க, 60 வருஷம் தாண்டிருந்தா பெர்மிட் இல்லாம இடிக்க இப்பவே தடை, செக்‌ஷன் 34.

எங்க மொத மனு திரும்பி வந்துச்சு, தப்பு எங்க மேலதான். நம்ம குடும்பங்க கதைய மட்டும் எழுதிட்டு, அதே சரிவுல நமக்கு முன்னாடியிருந்தே வாழுற சூலு குடும்பங்க, அவங்க சமாதிங்க எதயும் போடல. ரெண்டாவது தடவ இண்டுனா (சூலு ஊர்த் தலைவர்) கூட ஒக்காந்து டீ குடிச்சி மேப் போட்டோம். நிலம் இங்கோன்யாமா டிரஸ்ட்டோடதா (சூலு ராஜா பொறுப்புல இருக்க நில டிரஸ்ட்) இருந்தா பேப்பர்ல அவங்கதான் ஓனர், அத மறந்துடாதீங்க.

நடுவுல எவனாச்சும் புல்டோசர் கொண்டாந்தா செக்‌ஷன் 29-ல தற்காலிக பாதுகாப்பு கேளுங்க, அதிகபட்சம் 2 வருஷம் கெடைக்கும்.

இன்னொண்ணு, அறிவிச்சப்புறம் பழைய வீட்டு தகரத்த மாத்தணும்னா கூட பெர்மிஷன் கேக்க வேண்டி வரலாம். அத கையெழுத்து வாங்குற அன்னிக்கே ஒவ்வொரு வீட்லயும் சொல்லிடுங்க, பின்னாடி சொன்னா மாமாமாரு சண்டைக்கு வருவாங்க.