அலாய் வீல் மாட்டியபின் ஸ்டியரிங் நடுக்கம்: என் அனுபவம்

பழைய ஸ்விஃப்டுக்கு வெளிக்கடை அலாய் வீல் மாட்டினேன். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி வெண்ணெய் மாதிரி போனது. ஓமலூர் நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டினால் மட்டும் ஸ்டியரிங் நடுங்கியது.

பேலன்ஸிங் செய்தார்கள், மெஷின் பூஜ்யம் காட்டியது. அலைன்மென்டும் பார்த்தாயிற்று. டயரை முன்பின் மாற்றியும் பலனில்லை. சரியான எரிச்சல்.

கவனித்த ஒன்று: வீலைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் நடுக்கத்தின் அளவு மாறியது. வீலே கோணல் என்றால் அப்படி மாறாதே! நடு ஓட்டையை அளந்தோம். 73.1 மி.மீ. அந்த ஓட்டைக்குள் நுழையும் வண்டியின் ஹப்போ (வீல் மாட்டும் அச்சு முனை) 54.1 மி.மீ. நான்கு நட்டும் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் கச்சிதமாகப் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேலன்ஸிங் மெஷின் கூம்பை வைத்து ஓட்டையின் மையத்தைப் பிடிக்கிறது. வண்டியிலோ வீல் நட்டுகளை மட்டும் நம்பி, இம்மியளவு இறங்கி உட்கார்ந்துவிடுகிறது.

அந்த இடைவெளியை நிரப்ப, வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 54.1 அளவில் ஹப் ரிங் என்ற வளையம் வாங்கினோம். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும் என்பதால் பிளாஸ்டிக் வேண்டாம், அலுமினியம்தான். ஹப்பில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரிங்கைப் போட்டு, டயர் தரையில் படாமல் ஜாக்கியில் இருக்கும்போதே நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். இப்போது 100-லும் ஆட்டமில்லை.

ஸ்டெப்னி இன்னும் கம்பெனி இரும்பு வீல்தான். அதை மாட்டும்போது ரிங் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் வீல் உள்ளே போகாது. முதலில் ரிங்கைக் கழற்றிவிடுங்கள்.