அறுபதுக்குப் பிறகு வேக நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் நடைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த அம்மா ஒருவர், நான்கு அடிக்கு ஒருமுறை மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. கண் மட்டும் கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பு எண்ணை விட்டு நகரவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த அதே கோலம். நல்ல காலணி போடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்லிக்கொள்ளட்டும்.

எண்ணைத் துரத்துவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. 220இல் வயதைக் கழித்து, அதில் 70 விழுக்காட்டை நாடித்துடிப்பு தொட வேண்டும் என்று ஒரு பயிற்சியாளர் எழுதிக் கொடுத்தார். அப்போது எனக்கு 62 வயது. கணக்குப்படி 110 வர வேண்டும். எப்படி நடந்தாலும் 95ஐத் தாண்டவில்லை. சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். இரண்டாம் மாதம் ஒரு நாள் கண் இருட்டிக் கால் மடங்கி விழுந்தேன். கணுக்கால் பிசகி ஆறு வாரம் வீட்டோடு முடங்கினேன். அதுவரை நடந்த பலனும் அதோடு போயிற்று.

காரணம் என் மாத்திரைப் பெட்டியிலேயே இருந்தது. இரத்த அழுத்தத்துக்கு நான் சாப்பிட்டது பீட்டா பிளாக்கர். இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும் மருந்து. என்ன மாத்திரை என்று பயிற்சியாளர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாத்திரையே சாப்பிடாதவர்களுக்கும் அந்தக் கழித்தல் கணக்கு வெறும் சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடக் குறைய இருக்கும்.

இரத்தக் குழாய்க்கு அந்த எண் தெரியாது. வேகமாகப் பாயும் இரத்தம் உட்சுவரை உரசும்போது அங்கே நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது, குழாய் தளர்ந்து விரிகிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் இந்தச் சுரப்பு மந்தமாகிவிடும். குழாயும் விறைக்கத் தொடங்கும். நடையின் அவசியம் அங்கேதான் வருகிறது. வேகம் போதுமா என்று பார்க்க வாயே போதும்: நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட வரக் கூடாது.

ஊர்ந்துவிட்டு நேரத்தை எழுதுவது

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்று சொல்வது மிதமான வேகத்துக்கு. குடும்பக் கதை பேசிக்கொண்டு அசைந்து வந்த அரை மணி நேரத்தை அதில் சேர்க்காதீர்கள். (நானும் சேர்த்தவள்தான்.)

சட்டென்று நிற்பது

இரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும். கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள்.

வந்ததும் அழுத்தம் பார்ப்பது

அரை மணி நேரம் போகட்டும்.

மாத்திரையில் கை வைப்பது

கடிகாரக் கதையைச் சொன்னதும் அந்த அம்மா யோசித்துவிட்டு, "அப்படியானால் மாத்திரையை நிறுத்தினால் எண் ஏறிவிடுமா?" என்று கேட்டார். ஏறும்தான். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் மாரடைப்பே வரலாம் என்றேன். கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.