தருமபுரியிலிருந்து லண்டன்: பெற்றோரின் பயண நேரத்தைக் கணக்கிடும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்கள், வீடு அமைந்த கையோடு பெற்றோரை அழைத்துவர டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். அப்போது நேரக் கணக்கு தவறினால் அலைக்கழிவது வயதானவர்களே என்பதால், இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பெங்களூரு விமான நிலையத்துக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறக்குறைய 8,000 கி.மீ. விமானம் உயரே மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறந்தாலும், ஏறுவதிலும் இறங்குவதிலும் வேகம் குறைவதால், தொலைவை 800ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டிக்கொண்டால் கணக்கு ஓரளவு ஒத்துவரும். அதாவது பத்தரை மணி நேரம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று வரும்போது எதிர்க்காற்றாகவும், ஊர் திரும்பும்போது பின்னிருந்து தள்ளும் காற்றாகவும் இருப்பதால், திரும்பும் பயணம் பெரும்பாலும் சற்று விரைவாகவே முடியும்.

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். காலை 6.30க்குப் புறப்பட்டுப் பகல் 12க்குச் சேரும் என்றிருந்தால், ஐந்தரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்றே வீட்டில் நினைப்பார்கள். குளிர்காலத்தில் இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், அது உண்மையில் 11 மணி நேரப் பயணம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை மணிதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து நள்ளிரவுத் தேதி. 14ஆம் தேதி இரவு 1.30 மணி விமானத்துக்கு என் அப்பா 14ஆம் தேதி மாலை கிளம்பத் தயாராக இருந்தார்; 12ஆம் தேதி தற்செயலாகத் தொலைபேசியில் பேசியபோது, "நாளன்னைக்கு சாயந்திரம் கார் வரச் சொல்லிட்டேன்" என்று அவர் சொன்னதால்தான் தப்பித்தோம். அன்றிலிருந்து விமானம் புறப்படும் நேரத்தை நான் சொல்வதே இல்லை. வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய கிழமையையும் மணியையும் மட்டுமே சொல்கிறேன்.

அந்த மணியைக் கணக்கிடும்போது, விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது என்பதையும், ஓசூர் வழியாகத் தெற்கிலிருந்து வருபவர்கள் நகரம் முழுவதையும் கடக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. தருமபுரியிலிருந்து ஏறக்குறைய 170 கி.மீ.; மாலை நெரிசலுக்கும் இடம்விட்டு ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும் என்பதால், மேற்சொன்ன 1.30 மணி விமானத்துக்கு 13ஆம் தேதி மாலை 5.30க்கே கிளம்பியாக வேண்டும்.

வளைகுடா வழியாக மாறிச் செல்லும் டிக்கெட் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் காத்திருப்பையும் சேர்த்தால் பயணம் 15 மணி நேரத்தை எளிதில் தாண்டும். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு நேரடி விமானமே நல்லது என்பது என் கருத்து. எதுவானாலும் முன்பதிவின்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியிலும் அத்திப்பள்ளியிலும் உங்களுக்கு ஓர் அழைப்பு விடுக்கும்படி ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.