காஸ் கிறில் வாங்கும்போது வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விறகுக்குப் பஞ்சமில்லாத வன்னியில் காஸ் கிறில் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு, கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் ஆடி, ஆவணி விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் உறவினர் வந்து நிற்கும் நாட்களில், பத்துப் பதினைந்து பேருக்கு மீனும் கோழியும் வாட்டியெடுக்க வேண்டியிருக்கும்போது, தணல் விழும்வரை காத்திருக்காமல் சில நிமிடங்களில் சூடேறுவதும், காய்ந்த வளவில் பொறி பறக்கவிடாததுமான ஓர் அடுப்பு பெரும் உதவியாகிறது. அதனால்தான் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு என எங்கும் பின்வளவுகளில் காஸ் கிறில்கள் காணக்கிடைக்கின்றன. அவற்றில் பல, வாங்கி இரண்டொரு மாரி கழியுமுன்னே துருவேறி மூலையில் கிடப்பதும் உண்மை. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கத் தெரிந்த நாங்கள், கிறிலை மட்டும் மூடியின் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கிறது: காஸ் வரும் பாதை, பேர்னர், அதன் மேலுள்ள கம்பித் தட்டு.

ஆபத்து மிகுந்த தவறு, அந்தக் கிறில் எந்த வாயுவுக்காக, எந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பார்க்காமல் வாங்குவது. கனடாவில் பல வீடுகளுக்கு இயற்கை வாயு குழாய் வழியாகவே வருகிறது. அங்கே விற்கப்படும் கிறில்களில் ஒரு பகுதி அதற்கென்றே செய்யப்பட்டவை. இயற்கை வாயுவின் அழுத்தம் குறைவு, ஒரே கன அளவில் அது தரும் வெப்பமும் குறைவு. ஆகவே அந்தக் கிறில்களில் காஸ் வெளிவரும் ஜெற்றின் துளை பெரியதாக இருக்கும். எங்களுக்குக் கிடைப்பது சிலிண்டரில் அடைத்த எல்.பி. காஸ் மட்டுமே. அந்தப் பெரிய துளை வழியே எல்.பி. காஸைச் செலுத்தினால் சுவாலை மஞ்சளாக உயர்ந்து, கரி கக்கி, கட்டுக்கடங்காமல் எரியும். கிறிலின் பின்புறத்திலோ கீழ்க் கதவின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் விபரத் தகட்டில் ‘இயற்கை வாயு’ என்றிருந்தால், உறவினர் இலவசமாகத் தந்தாலும், ஜெற் முழுவதையும் முறைப்படி மாற்றாமல் அதைப் பற்றவைக்கக் கூடாது.

எல்.பி. காஸுக்கான கிறில் என்று உறுதியான பின்னரும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஐரோப்பியக் கிறில்களின் தகட்டில் 30 மில்லிபார், 37 மில்லிபார், 50 மில்லிபார் என்று வெவ்வேறு அழுத்தங்கள் குறிக்கப்பட்டிருக்கும். வட அமெரிக்கக் கிறில்கள் ஏறத்தாழ 27 மில்லிபாரில் இயங்குபவை. நீங்கள் பொருத்தப்போகும் ரெகுலேற்றரின் மேலும் அதன் வெளியீட்டு அழுத்தம் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். வட அமெரிக்கக் கிறிலோடு வரும் ரெகுலேற்றர் திருகிப் பூட்டும் வகை. எங்கள் வீட்டுச் சிலிண்டரின் வாயில் அது பூட்டாது. ‘குழாயை வெட்டிவிட்டு எங்கள் ரெகுலேற்றரைக் கொழுவினால் சரி’ என்று சிலர் சொல்வார்கள். அழுத்தம் ஒத்துவந்து, குழாயின் உள்விட்டம் முனைக்கு இறுக்கமாகப் பொருந்தி, இரு முனைகளிலும் சரியான கிளிப் பூட்டப்பட்டால் மட்டுமே அது சரி. இதைவிட மோசமான ஒரு பழக்கமும் உண்டு: தீ போதவில்லை என்று, கொத்து ரொட்டிக் கடைகளில் பெரிய அடுப்புக்குப் பூட்டும் உயரழுத்த ரெகுலேற்றரைக் கொண்டுவந்து கிறிலில் மாட்டுவது. வீட்டுக் கிறிலின் வால்வுகள் அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கையின் பல பகுதிகளிலும் சமையல் எரிவாயுவோடு தொடர்புடைய வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது, சிலிண்டரில் புரோப்பேனும் பியூட்டேனும் கலக்கப்படும் விகிதம் பற்றி நாடெங்கும் பேசப்பட்டது. புரோப்பேன் மறை 42 பாகை செல்சியஸில் கொதிப்பது. பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே கொதிப்பது. கலவையில் புரோப்பேன் கூடினால் அதே வெயிலில் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். அப்போது முழுச் சுமையும் ரெகுலேற்றரிலும் அதன் இணைப்பிலுமே விழுகிறது. எனவே பல்லாயிரம் ரூபாய் கொடுத்துக் கிறில் வாங்கிவிட்டு, எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை இல்லாத மலிவான குழாயையும் ரெகுலேற்றரையும் அதனோடு சேர்ப்பது பொறுப்பற்ற சிக்கனம் என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து, பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பி ஏமாறுவது. கிறில் ஒரு மணித்தியாலத்தில் தரும் வெப்பம் பி.ரி.யு. என்ற அலகில் குறிக்கப்படுகிறது. 48,000 பி.ரி.யு. என்று கண்டவுடன் 36,000ஐவிட அது நல்லது என்று எண்ணிவிடக் கூடாது, ஏனெனில் அந்த 48,000இல் பக்கத்திலுள்ள கறி அடுப்பின் கணக்கும் சேர்ந்திருக்கலாம். பிரதான பேர்னர்களின் மொத்த பி.ரி.யு.வைக் கம்பித் தட்டின் சதுர அங்குலப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். 24 அங்குலம் நீளமும் 18 அங்குலம் அகலமும் கொண்ட தட்டு 432 சதுர அங்குலம். 36,000ஐ அதனால் வகுத்தால் 83 வரும். 80க்கும் 100க்கும் இடைப்பட்ட விடை பொதுவாகப் போதுமானது. வெந்ததைச் சூடு ஆறாமல் வைக்க மேலே தொங்கும் தட்டை இந்தப் பரப்பில் சேர்க்கக் கூடாது. மெல்லிய தகட்டு மூடியும் வெடிப்பு விட்ட பொருத்தும் உள்ள கிறிலில் எந்த எண்ணும் உதவாது, வெப்பம் வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

காஸ் செலவையும் இதே எண்ணிலிருந்து கணக்கிடலாம். 30,000 பி.ரி.யு. கிறிலை முழுத் தீயில் எரித்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் எல்.பி. காஸ் செல்லும். 12.5 கிலோ சிலிண்டர் முழுத் தீயில் ஏறத்தாழ 18 மணித்தியாலமும், 5 கிலோ சிலிண்டர் 7 மணித்தியாலமும் நிற்கும். 2022இல் சிலிண்டருக்காக இரவு பகலாக வரிசையில் நின்ற ஊர்கள் எங்களுடையவை. வீட்டுச் சமையலுக்கு வைத்திருக்கும் ஒரே சிலிண்டரைக் கழற்றிக் கிறிலுக்குப் பூட்டும் திட்டத்தோடு யாரும் ஆறு பேர்னர் கிறில் வாங்க வேண்டாம். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு மூன்று பேர்னர் போதும். இரண்டுக்குக் குறைவாகவும் இருக்கக் கூடாது. தொடையும் நெஞ்சுமாகக் கோழித் துண்டுகளை வாட்டும்போது, எரியும் பேர்னருக்கு மேலே தோலைச் சிவக்க வைத்துவிட்டு, அணைத்த பேர்னருக்கு மேலே நகர்த்தி, மூடியை மூடி உள்ளே 74 பாகை செல்சியஸ் வரும்வரை வேகவிட இடம் வேண்டும். ஒரே பேர்னரில் அது நடக்காது. வெளியே கருகி, எலும்போரம் பச்சையாக நிற்கும்.

உலோகத்தைத் தெரிவதில்தான் வன்னியின் கிழக்குக் கரையில் இருப்பவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். துருப்பிடிக்காத உருக்கு என்று விற்கப்படுபவை எல்லாம் ஒன்றல்ல. 304 என்ற தரத்தில் ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உண்டு. 430 என்ற தரத்தில் நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். முல்லைத்தீவு, கொக்கிளாய்ப் பக்கத்து உப்புக்காற்றில் 430 விரைவில் செம்புள்ளி போடத் தொடங்கும். கடைக்குப் போகும்போது சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோவது நல்லது. இறுக ஒட்டிக்கொண்டால் அது 304 அல்ல. ஆனால் ஒட்டாவிட்டால் உடனே மகிழவும் வேண்டாம், ஏனென்றால் நிக்கல் குறைத்துச் செய்யப்படும் 201 என்ற மலிவுத் தரமும் காந்தத்தில் ஒட்டாது. மூடி எந்தத் தரமாக இருந்தாலும் பொறுக்கலாம். பேர்னர் குழாய்கள் 304ஆக இருக்க வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுப்புக் கூடு வார்ப்பு அலுமினியத்தில் இருந்தால் கரையோரத்துக்கு அதைவிட நல்லது இல்லை, அது துருப்பிடிப்பதில்லை.

கம்பித் தட்டில் மிக மலிவானது, மெல்லிய கம்பிக்குக் குரோமியம் பூசியது. சில தடவை சுரண்டியதும் பூச்சு செதில் செதிலாகக் கழன்று, கீழே துரு தெரியும். அந்தச் செதில் மீனோடு சேர்ந்து வாய்க்கும் போகும். கனமான வார்ப்பிரும்புத் தட்டு வெப்பத்தைத் தாங்கி வைத்திருப்பதால் பாரையோ விளைமீனோ போட்டவுடன் தோல் இறுகி, ஒட்டாமல் புரட்ட வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் சூட்டோடு தேய்த்து எண்ணெய் பூசி வைக்கும் பொறுமை இல்லாத வீட்டுக்கு அது பொருந்தாது. மாரி ஈரத்தில் ஓரிரு நாளிலேயே துரு பிடித்துவிடும். அப்படிப்பட்டவர்கள் தடித்த 304 கம்பித் தட்டை எடுப்பது நல்லது. இரணைமடுக் குளத்துத் திலாப்பியா போன்ற மென்மையான மீனுக்கு எந்தத் தட்டானாலும், அதைப் போடுமுன் பத்து நிமிடமாவது மூடி சூடேற்றியே ஆக வேண்டும். பேர்னருக்கு மேலே கூரைபோலக் கவிழ்ந்த தகடுகளும், கீழே இழுத்தெடுக்கக்கூடிய எண்ணெய்த் தட்டும் இல்லாத கிறிலை வாங்காதீர்கள். கோழிக் கொழுப்பு நேரே தீயில் சொட்டினால் சுவாலை எழும். தேங்கினால் அடுப்பே பற்றும்.

வைக்கும் இடத்தை முடிவுசெய்யாமல் வாங்குவதும் ஒரு தவறே. விருந்தினர் வரும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான் சோளகக் காற்றும் வீச்சாக அடிக்கும். கிறிலின் பின்புறத்திலிருந்து காற்று அடித்தால் உள்ளிருக்கும் சூடு முன்பக்கம் தள்ளப்பட்டு, திருகுகளையும் அவற்றின் பின்னாலுள்ள காஸ் குழாயையும் சுடவைக்கும். ஆகவே பின்புறம் காற்றுக்கு எதிர்ப்படாதவாறு திருப்பி வைக்க வளவில் இடமுண்டா என்று முதலில் பாருங்கள். கிடுகுக் கொட்டிலுக்கும் பனையோலை வேலிக்கும் குறைந்தது மூன்று மீற்றர் தள்ளியே வைக்க வேண்டும். எல்.பி. காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலெழாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். எனவே பள்ளமான மூலைகளும், மழைக்கு ஒதுக்கமென்று தெரிவுசெய்யும் மூடிய அறைகளும் கூடவே கூடாது.

கைப்பிடி, பற்றவைக்கும் பொத்தான், பக்க மேசை ஆகியவற்றுக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. பொத்தான் பழுதானால் நீண்ட லைற்றரால் பற்றவைக்கலாம், ஆனால் அதற்கு மூடி திறந்திருக்க வேண்டும். கனடாவிலிருந்து கோழியைச் சுழற்றும் மோட்டாரோடு கொண்டுவருபவர்கள், அங்கே 120 வோல்ற், இங்கே 230 வோல்ற் என்பதை மறந்து செருகினால் மோட்டார் எரிந்துவிடும்.

பாவித்த கிறில் வாங்குபவர்கள் பேர்னரைக் கழற்றி, ஜெற்றின் மேல் வந்து உட்காரும் அதன் வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மண்கூடு கட்டும் குளவிக்கு அந்தத் துளை மிகவும் பிடித்தமான இடம். சுண்டுவிரல் நுனியளவு காய்ந்த மண் உள்ளே அடைத்திருந்தால் போதும்: காற்றும் காஸும் சரியாகக் கலக்காமல் சுவாலை மஞ்சளாகும், அல்லது காஸ் பின்வாங்கித் திருகுப் பலகையின் அடியில் பற்றும். சிலந்தி வலையும் இதையே செய்யும். மெல்லிய கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுத்தால் எவ்வளவு மண் வருகிறது என்று தெரிந்துவிடும். ரப்பர் குழாயை விரல்களுக்கிடையே வளைத்துப் பாருங்கள். வெயிலில் விறைத்து மயிர்க்கோடாக வெடித்திருந்தாலோ எலி கறித்த அடையாளம் தெரிந்தாலோ, விலை பேசும்போதே புதுக்குழாயின் செலவைக் கழித்துவிடுங்கள்.

புதியதோ பழையதோ, பணம் கொடுக்குமுன் எரித்துக் காட்டச் சொல்லுங்கள். முதலில் இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பிறகு ஒவ்வொரு பேர்னராகப் பற்றவைத்து, நுனியில் மட்டும் சற்று மஞ்சள் தொட்ட நீலச் சுவாலை குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். தீயைச் சிறிதாக்கும்போது அணைந்துவிடாமல் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். எல்லாம் சரியென்றால், மேலதிகப் பேர்னர் ஒன்றும் தகடுகளும் இதே விற்பனையாளரிடம் கிடைக்குமா என்று கேளுங்கள். முதலில் தேய்ந்து போவன அவைதான். கொழும்பிலும் கிடைக்காத பாகங்களைக் கொண்ட கிறிலை ஏ9 வீதியோரக் கடையொன்றில் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.