வண்டி விறைப்பானால் டிரெய்லரின் மூக்கைக் கவனியுங்கள்

என் வீட்டு டிரெய்லர் 3,000 கிலோ. ஏழு வருடம் மெத்தென்ற சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் இழுத்தேன், டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு கனமான பிக்கப்புக்கு மாறினேன். வண்டிதான் பெரிதாகிவிட்டதே என்று, வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையே மாட்டி, சுமையை முன்சக்கரங்களுக்கும் பகிரும் ஸ்பிரிங் பார்களையும் தடிமனாக மாற்றினேன். இரண்டாவது வருடம் டிரெய்லரின் முன்னால் ‘A’ வடிவில் நீளும் சட்டமான ஏ-பிரேமின் அடியில், பாரை இழுத்துப் பிடிக்கும் சங்கிலியின் பிராக்கெட்டை ஒட்டி, பெயிண்டில் மயிரிழை போல ஒரு துருக்கோடு. கம்பி பிரஷால் தேய்த்ததும் வெல்டிங் ஓரத்தில் விரிசல்.

காரணம் இதுதான். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையே கோணம் மாறுகிறது, பார்கள் வளைகின்றன. முன்பு வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கி அந்த வளைவில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டது. விறைப்பான வண்டி அந்த அளவு அமுங்காது. மிச்ச விசை முழுவதும் ஏ-பிரேமுக்குப் போகிறது. ஒரு தடவை வளைந்தால் இரும்புக்கு ஒன்றும் ஆகாது. லட்சம் தடவை வளைந்தால் வெல்டிங் ஓரம் களைத்துப்போகும். வெல்டிங் இணைப்பில் ஏறி இறங்கும் அழுத்தம் இரட்டிப்பானால், ஆயுள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும். பார் சற்றுத் தடித்தாலே இவ்வளவு வித்தியாசம் வருவது அதனால்தான்.

ஆகவே முதலில் மூக்குச் சுமையை, அதாவது டிரெய்லரின் முன்முனை வண்டிமேல் அழுத்தும் எடையை, அளந்துவிடுங்கள். பொதுவாக மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். எனக்கு 300 முதல் 450 கிலோ. உறுதியான கட்டை ஒன்றின் ஒரு முனையைத் தரையில் வைத்த முட்டுக்கட்டையிலும் மறுமுனையை வீட்டு எடைமெஷினிலும் வைத்து, முட்டுக்கட்டையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கப்ளரை (வண்டியோடு மாட்டும் முன்முனையை) இறக்குங்கள். மெஷின் காட்டுவதில் கட்டையின் பங்கைக் கழித்து, மூன்றால் பெருக்கினால் சுமை கிடைக்கும். சாமான்கள் ஏற்றி, தண்ணீர் நிரப்பிய பிறகு அளப்பதுதான் சரி.

பாரை அந்தச் சுமைக்குத் தேர்ந்தெடுங்கள், வண்டியின் பலத்துக்கு அல்ல. விறைப்பான வண்டி பின்பக்கம் அதிகம் தாழாது. அதனால் சங்கிலியை இழுத்து இறுக்க வேண்டிய தேவையும் குறைவு. பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் உயரும்; அதனால் முன்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உயரத்தை, மாட்டுமுன்பும் மாட்டிய பின்பும் டேப் வைத்துப் பாருங்கள். உயர்ந்ததில் எவ்வளவு திரும்பிக் கீழே வர வேண்டும் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்து, அதோடு நிறுத்துங்கள். பின்டயர் காற்றும் சுமைக்கு ஏற்ற அளவு போதும். எப்போதும் உச்ச அளவுக்கு ஏற்றி ஓட்டினால் விறைப்புக்கு மேல் விறைப்பு. செங்குத்தான சரிவிலோ ஆழமான பள்ளத்திலோ இறங்கி ஏறும் முன் பார்களைக் கழற்றிவிடுவேன்.

ஒவ்வொரு நெடும்பயணம் முடிந்ததும் டார்ச்சோடு அடியில் படுத்துப் பாருங்கள்: ஏ-பிரேம் டிரெய்லரின் முதல் குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடம், பிராக்கெட், சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டை தொங்கும் ஹேங்கர். வாசற்கதவு திடீரென உரசினாலும் சட்டத்தைச் சந்தேகியுங்கள்.

விரிசல் கண்டால் மேலே ஒரு கோடு வெல்டிங் இழுத்து மூடாதீர்கள். அடிவரை தோண்டி எடுத்து, நிரப்பி, பிறகு வலுவுக்கு இரும்புப் பட்டை சேர்க்க வேண்டும். பட்டையின் முனை சட்டத்துக்குக் குறுக்கே நேராக முடிந்தால் அடுத்த விரிசல் அங்கேதான் பிறக்கும்; முனையைச் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள்.